நின்றபடி உண்ணக்கடவர்

"நான் சொன்னது சொன்னதுதான். அதில இனி..."

"சொன்னதையே பிடிச்சுக்கொண்டிருங்கோ. எதுவரைக்கும் எண்டு சொன்னனீங்களோ?"

"...அதில இனிக் கை வைக்கேலாது. கை வைச்சா அதுக்குப் பேர் தீர்ப்பில்லை..."

"எதுவரைக்கும் எண்டு கேக்கிறன்!"

"...விளையாட்டு. ஏனப்பா இப்பிடிக் குழறுறாய்? பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போகுது."

"பக்கத்து வீட்டை இடிச்சு மாசமாகுது. கேக்கிறதெண்டால் சீமெந்துத் தூசிக்குத்தான் கேக்கும்."

என் கணவர் நவரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். பதில் இல்லாதபோது அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

முன்விறாந்தையில் ஒரு பாய் மட்டும் மிஞ்சியிருந்தது. கதிரை, மேசை, கட்டில் எல்லாம் முதல்நாளே பிக்கப்பில் ஏறி, ஷார்ஜாவில் மகள் சுகந்தாவின் வீட்டுக்குப் போய்விட்டன. இந்த வீட்டையும் இடிக்கப்போகிறார்கள். துபாய் சத்வாவில் எங்கள் சந்தே ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டிருந்தது. பின்னேரம் சுகந்தா கார் கொண்டு வருவாள். அதற்கு முன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னறைக் கார்மேகம் வருவான். அவனுக்கும் அன்று இரவு மதுரைக்கு விமானம். விசா கான்சல். இனித் திரும்பி வரமாட்டான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கார்மேகம் அன்றைக்காவது அந்தப் பாயில் இருந்து சாப்பிட வேண்டும். சுகந்தா பள்ளிக்கூடப் பை தூக்கிய காலத்திலிருந்து, அவளுக்கு நரை விழுந்த காலம் வரை, அவன் எங்கள் விறாந்தையில் நின்றுகொண்டுதான் சாப்பிட்டான். நிற்கச் சொன்னவர் இவர்.

"ஊருக்குப் போய் அவன் என்ன சொல்லுவான்? அந்த யாழ்ப்பாணத்து வீட்டில என்னை ஒருநாளும் பாயில இருக்கவிடேல்லை எண்டு சொல்லமாட்டானோ?"

"அவன் அப்பிடிச் சொல்லுற ஆளில்லை."

"சொல்லாட்டி நினைக்கமாட்டானோ?"

"விடுதலை வேணுமெண்டால் அவன் கேக்கட்டும். கேளாத ஆளுக்கு விடுதலை குடுக்கிற கோடு உலகத்தில எங்கையும் இல்லை."

"கோடு! இது விறாந்தை."

"அப்ப ஏன் எல்லாரும் என்னட்டை வந்தனீங்கள்?"

அது உண்மை. எல்லோரும் அவரிடம்தான் போனோம்.

அவர் யாழ்ப்பாணத்தில் மல்லாகம் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். நீதவான் இங்கிலிசில் சொல்வார், இவர் எழுந்து நின்று தமிழில் சொல்வார். ஊர்ச் சனம் நீதவானுக்குப் பயந்ததைவிட இவருக்குத்தான் கூடப் பயந்தது. சிறைக்கு அனுப்புகிற மறியல் என்ற சொல் இவர் வாயிலிருந்துதானே வந்தது. சண்டை வந்து கோடும் கந்தோரும் குலைந்த பிறகு, டெய்ராவில் ஒரு கப்பல் கம்பெனியில் பத்திரம் தட்டச்சு அடிக்க வந்து சேர்ந்தார். கைக்கு வேலை இருந்தது. வாய் சும்மா இருந்தது.

வில்லா என்று பெயர், உள்ளே ஆறு குடித்தனம். முன்பக்க அறைகளில் குடும்பங்கள்: நாங்கள், நாகர்கோவில் விஜி வீட்டார், இன்னும் இரண்டு குடும்பங்கள். பின்பக்கத்து இரண்டு அறைகளில் தமிழ்நாட்டுப் பெடியன்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில் போட்டு இருந்தார்கள். நடுவில் ஒரு குசினி, எல்லோருக்கும் பொது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அந்தக் குசினிதான் எல்லை. அவர்கள் பின்கதவால் வந்து சமைத்து, பின்கதவால் கொண்டு போவார்கள். முன்விறாந்தைக்கு வருவதில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை.

ஆறு குடித்தனம், ஒரு குசினி என்றால் வழக்குக்குப் பஞ்சமா?

"அண்ணாச்சி, பின்ரூம்காரங்க எங்க கொடியில லுங்கியக் காயப் போட்டுட்டாங்க. தண்ணி சொட்டி என் சேலையெல்லாம் நாசம்."

"அண்ணே, நாங்க வச்ச பால் பாக்கெட்டக் காணோம்ணே. பூனைங்கிறாங்க. பூனை ஃபிரிட்ஜத் தொறக்குமா?"

வெள்ளிக்கிழமை லீவு நாள். குளித்துத் திருநீறு பூசி, சட்டை போட்டுக்கொண்டு இவர் குசினி வாசலில் கதிரை போட்டு இருப்பார். வீட்டில் வெறும் மேலோடு திரிகிற மனிதன் வழக்குக்கு மட்டும் சட்டை போடுவார். கேட்பார், கண்ணாடி துடைப்பார், எழுந்து நிற்பார்.

"பிரதிவாதி குசினி வாய்க்காலைக் கழுவக்கடவர்."

"பிரதிவாதி ஒரு சாக்கு அரிசியில் கல் பொறுக்கக்கடவர்."

பெடியன்கள் சிரித்துக்கொண்டே கழுவினார்கள், பொறுக்கினார்கள். அவருக்குக் 'கடவர் அண்ணே' என்று பெயர் வைத்தார்கள். பின்னறையிலிருந்து கேட்கும்: "டேய், லைட்ட அணைச்சுட்டுப் போ, கடவர் வந்துரப் போறாரு."

கார்மேகத்தின் வழக்கு வேறு மாதிரி. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை சைவம். வேலைக்கு வந்த பெடியன்களுக்கோ வெள்ளிக்கிழமை ஒன்றுதான் லீவு. கிழமை முழுக்கக் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் தின்றவன், அன்றைக்கு ஆட்டுக்கறி சமைக்காமல் வேறு எந்த நாளில் சமைப்பான்? ஒரே அடுப்பு. இந்தப் பக்கம் என் சாம்பார், அந்தப் பக்கம் அவர்கள் ஆட்டுக்குழம்பு. சட்டி படாமல், கரண்டி படாமல் காலத்தை ஓட்டினோம். என்னிடம் ஓர் அகப்பை இருந்தது. சிரட்டையில் செய்தது, பனைமட்டைப் பிடி. அம்மா தந்து விட்டது. சைவத்துக்கு மட்டும் அதை எடுப்பேன். அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் சாமிப்படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து பார்த்தால், ஆணியில் அகப்பை இல்லை. கார்மேகத்தின் ஆட்டுக்குழம்புக்குள், பிடி மட்டும் வெளியே தெரிய, கிடந்தது.

"ஐயோ!" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

மிச்சத்தை எல்லோரும் சொன்னார்கள். விஜி சொன்னாள், மற்ற அறைக்காரர் சொன்னார்கள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சாமிக்குப் படைக்கிற சோற்று அகப்பை. இவர் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கார்மேகம் கையில் ஸ்பானருடன் பின்கதவில் நின்றான். ஏசி மெக்கானிக். காளையார்கோவில் பக்கம். அப்போது மீசை கறுகறுவென்றிருந்தது.

"சட்டி ஆருடையது?"

"என்னதுதாங்கய்யா."

"அகப்பை எதுக்குள்ள கிடந்தது?"

"சட்டிக்குள்ளங்கய்யா."

இவர் எழுந்து நின்றார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குற்றவாளி இனிமேல் வெள்ளிக்கிழமை தோறும் முன்விறாந்தையில், எல்லார் முன்னிலையிலும், நின்றபடி உண்ணக்கடவர்."

கார்மேகம் வாயைத் திறந்தான். பிறகு மூடினான். சரிங்கய்யா என்று தலையை ஆட்டினான்.

இரண்டு விஷயம் விட்டுப்போயின. செய்தவன் நீதானா, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று குற்றவாளியைக் கேட்க வேண்டும். எவ்வளவு காலத்துக்குத் தண்டனை என்று சொல்ல வேண்டும். மல்லாகத்தில் இந்த இரண்டும் நீதவானின் வேலை. அவர் கேட்பார், இவர் தமிழில் சொல்வார். அவர் கணக்குச் சொல்வார், இவர் தமிழில் சொல்வார். எங்கள் குசினியில் நீதவான் இல்லை. அவர் சொல்லாததை இவரும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் விறாந்தையில் பாய் விரித்து, எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து இருந்தோம். கார்மேகம் தலை வாரி, நல்ல சட்டை போட்டு, குசினி வாசல் நிலையோடு சாய்ந்து நின்றான். நான் தட்டைக் கையில் கொடுத்தேன்.  அவன் சோற்றைப் பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கடுத்த வெள்ளி, சாம்பார் வாளி எட்டாமல் விஜி கையை நீட்டினாள். நிற்கிறவன் அவன் ஒருவன்தானே. "இருங்கக்கா, நான் ஊத்துறேன்." அன்றோடு பரிமாறுகிற வேலை அவனுடையதானது. யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யார் அப்பளத்தை உடைத்துப் போட்டுச் சாப்பிடுவார்கள், எல்லாம் அவனுக்குப் பாடம்.

"அக்கா, இன்னைக்கு ரசத்துல புளி தூக்கலா?"

"நிண்டு தின்னுறவருக்கு நாக்கு மெத்த நீளம்."

"நிக்கிறவனுக்குத்தான்க்கா நேரா உள்ள எறங்குது. உக்காந்திருக்கவுங்களுக்கு என்ன தெரியும்?"

சின்னவள் சுகந்தா தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நிற்பாள். "வை இஸ் அங்கிள் ஸ்டாண்டிங்?" என்று கேட்டாள் ஒருநாள். அவன் குனிந்து சொன்னான்: "பாப்பா, எனக்கு உக்காந்தா தூக்கம் வந்துரும்."

ஆகஸ்ட் மாதத்தில் ஏசி நின்றுபோனால், இடது கையில் தட்டு, வலது கையில் சோறு, கண் மட்டும் ஏசிப் பெட்டியில் இருக்கும். "அண்ணே, ஃபில்டரக் கழுவி எவ்வளவு காலமாச்சு? இதுக்கு என்ன தண்டனை?" இவருக்குச் சிரிப்பு வரும். சிரிக்கமாட்டார். கண்ணாடி துடைப்பார்.

ஒரு வருடம் ருவைஸ் ரிஃபைனரியில், ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலைக்கு அவனை அனுப்பினார்கள். மூலையில் கிடக்கிற ஊர். வெள்ளிக்கிழமை விடிய பஸ் ஏறி, மத்தியானம் எங்கள் வாசல் நிலையில் வந்து நிற்பான். தின்றுவிட்டுத் திரும்பவும் பஸ். ஏணியிலிருந்து விழுந்து முட்டியில் கட்டுப் போட்ட கிழமையும் வந்து நின்றான்.

"தண்டனைக்கு இவ்வளவு ஒழுங்கா வாறவனை நான் மல்லாகத்திலையும் காணேல்லை" என்றார் இவர். அதில் பெருமை இருந்தது. அவன்மேலா, தன் தீர்ப்பின்மேலா, தெரியவில்லை.

வன்னியில் எல்லாம் முடிந்த அந்த மே மாதம், அந்த வெள்ளிக்கிழமை நான் அடுப்பு மூட்டவில்லை. அங்கே இருந்த என் தங்கை வீட்டாரின் செய்தி இல்லை. இவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற அறைக்காரர்கள் தங்கள் கதவுகளை மெல்லச் சாத்திக்கொண்டார்கள். மத்தியானம் கார்மேகம் வந்தான். வழக்கமான இடத்தில் நின்றான். பாய் இல்லை, சோறு இல்லை.  பிறகு குசினிக்குள் போனான். மிளகு இடிக்கிற சத்தம் கேட்டது. ரசமும் சோறும் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் முன்னால் வைத்தான்.

"சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டாத்தான நான் நின்னு சாப்பிட முடியும்."

தங்கை முகாமிலிருந்து கதைத்தது அதற்குப் பிறகு வெகுநாள் கழித்து. அதுவரை அவன் வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, டூட்டி முடிந்த நாளெல்லாம் வந்தான். மற்ற நாட்களில் பின்கதவால் வந்து, குசினிக்குள் வைத்துவிட்டு, பின்கதவாலேயே போனான். வெள்ளிக்கிழமை மட்டும் முன்விறாந்தை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பெடியன்கள் மாறினார்கள். குடும்பங்கள் ஊர் திரும்பின. விஜி அழுதுகொண்டு போனாள். கடைசியில் முன்பக்கத்தில் நாங்கள் இருவரும், பின்பக்கத்தில் கார்மேகமும் யார் யாரோவும். பிறகு ஒரு புது வருடத்தில் நாட்டுக்கே லீவு நாள் மாறியது. வெள்ளிக்கிழமை வேலை நாளாயிற்று. கார்மேகத்தின் கம்பெனி ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்தது. எங்கள் சேர்ந்த சாப்பாடும் தானாக ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மச்ச மாமிசம் சாப்பிடலாம். நானே ஆட்டுக்கறி சமைத்தேன். நாறிப்போன அந்த அகப்பை அந்த வழக்கன்றே பின்னறைக்குப் போயிருந்தது. இப்போது அவன் அதையே கொண்டுவந்து, என் சட்டியில் ஆட்டுக்கறி கிண்டினான். குற்றம் எதுவோ அதை நாங்கள் மூவருமாகக் கூடிச் செய்தோம். அகப்பையைக் கழுவி வைத்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு, நிலையோடு சாய்ந்து நின்றான் கார்மேகம்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லோ?" என்றேன் இவருக்கு மட்டும் கேட்க.

"ஓம்."

"உங்கடை தீர்ப்பு வெள்ளிக்கிழமைக்கெல்லோ?"

"அவன் கேக்கேல்லையே."

வெளிநாட்டில் ஜெர்மன் இலக்கியம் படித்திருந்த சுகந்தா, ஒருநாள் வந்து இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்தாள்.

"அப்பா, நூறு வருசத்துக்கு முந்தி ஜெர்மன்ல எழுதின கதையள் கொஞ்சம் படிச்சனான். எக்ஸாக்ட்லி இதுதான். ஒருத்தனுக்குத் தண்டனை. என்ன குற்றமெண்டு அவனை ஒருத்தரும் கேக்கமாட்டினம். எப்ப முடியும் எண்டும் தெரியாது. தீர்ப்புச் சொன்னவரைத் தேடிப்போனா ஆளே இல்லை."

"அந்த ஆக்களும் சத்வாவில இருந்தவையோ?" என்றார் இவர்.

நான் கேட்டேன்: "பிள்ளை, அந்தக் கதையளில தண்டனை குடுத்தவை சோறு போட்டவையோ?"

சுகந்தா கொஞ்சம் யோசித்தாள். "இல்லையம்மா. அதில ஒருத்தரும் சோறு போடேல்லை."

இவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனாலும் அவர் தீர்ப்பை மாற்றவில்லை. தன் வாழ்க்கையில் தானாகச் சொன்ன பெரிய தீர்ப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரோ சொன்னதை இவர் தமிழில் சொன்னது. அதை விட மனம் வரவில்லை.

"அக்கா! அண்ணே! இருக்கீகளா, இல்ல வீட்டோட சேத்து ஒங்களையும் கொண்டு போயிட்டாங்களா?"

கார்மேகம் வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை. தலை முழுக்க வெள்ளை. கையில் பழைய பேப்பரில் சுற்றிய எதையோ வைத்திருந்தான்.

"வாரும் தம்பி. பெட்டி கட்டியாச்சோ?"

"கட்டியாச்சுக்கா. முப்பது கிலோன்னு சொல்லி, வாழ்க்கையவே தராசுல வச்சுட்டாங்க. இந்தாங்க. இது ஒங்களது. கொண்டு போனா அங்க வீட்டுக்காரி என்னன்னு கேப்பா, சொல்லி முடியாது."

பேப்பரைப் பிரித்தேன். அகப்பை. சிரட்டை கறுத்து வழுவழுவென்று ஆகியிருந்தது. பனைமட்டைப் பிடியில் கம்பி சுற்றியிருந்தான்.  குசினிக்குள் போய், பழைய பழக்கத்தில், அடுப்புக்குப் பின்னால் அந்த ஆணியில் அதைத் தொங்கவிடப் போனேன்.

"வேண்டாங்க்கா, அதுல வேண்டாம். அந்த ஆணி நிக்காது. விழுந்துரும்."

சொல்லி முடிப்பதற்குள் விழுந்தது. அடுப்பில் இருந்த குழம்புக்குள், பிடி மட்டும் வெளியே தெரிய.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த ஆணி நிக்காதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் இவர்.

கார்மேகம் சிரித்து மழுப்பினான். "ஏசிக்காரனுக்கு ஆணி தெரியாதாண்ணே? சாப்பாட்டப் போடுங்கக்கா, நேரமாச்சு."

"கொஞ்சம் பொறும்."

இவர் அறைக்குள் போனார். வெறும் மேலோடு இருந்தவர் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பொத்தானை மாறிப் பூட்டியிருந்தார். கதிரை இல்லை, ஆகவே குசினி வாசலில் நின்றார்.

"கார்மேகம்."

"அண்ணே."

"அண்டைக்குக் கேட்டிருக்க வேணும். இண்டைக்குக் கேக்கிறன். அகப்பையை உம்மடை சட்டிக்குள்ள போட்டது நீரோ?"

"இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்? பழைய குழம்பு."

"கேள்விக்குப் பதில் சொல்லும்."

கார்மேகம் என்னைப் பார்த்தான். நான் "சொல்லும் தம்பி" என்றேன்.

"நான் போடலங்கய்யா."

"அப்ப ஆர்?"

"யாரும் போடல. குசினியில பொகை நிக்குது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு மாட்டுடான்னு நீங்கதான சொன்னீக. வெள்ளிக்கிழமைதான ஒனக்கு லீவு, இன்னைக்கே மாட்டுன்னீக. நான் அந்தப் பக்கம் நின்னு சொவத்துல டிரில்லு போட்டேன். சொவரு அதிர்ந்துச்சு, ஆணி ஆடிப்போச்சு. உள்ள வந்து பாத்தா அகப்பை கொழம்புல கெடக்கு. எடுக்கிறதுக்குள்ள அக்கா வந்துட்டாக."

சுவரில் அந்த ஃபேன் இன்றைக்கும் இருந்தது. கறுத்த எண்ணெய்ப் பிசுக்கோடு, ஓர் இறக்கை உடைந்து.

இவர் ஃபேனைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார்.

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலைங்களே."

"நான் கேளாட்டி? வாய் இருக்குத்தானே? இவ்வளவு காலமாப் பேய் மாதிரி நிண்டுகொண்டு..."

"இஞ்சை பாருங்கோ, அவனை ஏன் இப்ப ஏசுறீங்கள்?"

"நீ சும்மா இரு. சொல்லும் தம்பி. நான் அண்டைக்குக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீரோ?"

கார்மேகம் நிலையைத் தடவினான். அவன் தோள் சாய்ந்து சாய்ந்து பெயிண்ட் போன இடம் அது.

"அன்னைக்கு ஒடனே கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேண்ணே."

"ஏன்?"

"நான் இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு பொங்கல் போயிருந்துச்சு. முன்பக்கம் நீங்கல்லாம் பாய் விரிச்சு உக்காந்து சாப்பிடுவீக. பேச்சு, சிரிப்பு எல்லாம் பின்ரூமுக்குக் கேக்கும். அப்பளம் நொறுங்குறது கூடக் கேக்கும். ஒருத்தரும் எங்களக் கூப்பிட்டதில்ல. குத்தமாச் சொல்லல அக்கா, குடும்பம் இருக்க எடம், நாங்க பயலுக. அப்புறம் நீங்க எந்திரிச்சு நின்னு சொன்னீக. வெள்ளிக்கெழம தோறும், முன்வெராந்தாவுல, எல்லாரு முன்னாடியும்னு. மத்தவனுகளுக்கு அது தண்டனையாக் கேட்டுச்சு. பாவம்டா நீன்னானுக." அவன் சிரித்தான். "அகப்பை தானா விழுந்துச்சுன்னு சொல்லி, நான் நல்லவன்னு ஆயிட்டா, மறுபடி பின்ரூம்ல போயி ஒக்காரணும்ல?"

குழம்பு கொதித்துப் பொங்கியது. நான் அடுப்பை அணைக்கப் போனேன். அணைத்தபிறகும் அங்கேயே நின்றேன். குற்றமற்றவனை நிறுத்தி வைத்தோமே என்று வெட்கப்படவா, அவனுக்கு ஒரு இடம் கிடைத்ததே என்று ஆறுதல்படவா? எதற்கும் எனக்கு உரிமை இருந்ததாகத் தெரியவில்லை.

விறாந்தையில் இவர் குரல் கேட்டது. கோட்டுக் குரல். 

"குற்றம் நிரூபிக்கப்படவில்லை. தீர்ப்பு ரத்துச் செய்யப்படுகிறது. தம்பி, வாரும். வந்து பாயில இரும்."

நான் தட்டோடு ஓடி வந்தேன். மூன்று தட்டையும் பாயில் வைத்தேன். நடுவில் அவனுக்கு. சோறு போட்டேன், கறி போட்டேன், அப்பளம் வைத்தேன்.

கார்மேகம் பாயைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மடங்கினான். பாதியில் நின்றுவிட்டான். முகம் சுருங்கியது. மறுபடி முயன்றான். இவர் போய்க் கையைப் பிடித்தார். முடியவில்லை.

"முட்டி மடங்கலண்ணே. ருவைஸ்ல ஏணியில இருந்து விழுந்தேன்ல, அந்த முட்டி. தரையில உக்காந்து எத்தனையோ காலமாச்சு." மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தான். "விடுங்கக்கா. எனக்கு இதே நல்லா இருக்கு. கையில குடுங்க."

"ஒரு கதிரையாவது வைச்சிருந்திருக்கலாம்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிப்போட்டன். ஒரு கதிரை..."

"இதுக்குப் போயி அழுவாகளா? நின்னா நேரா எறங்கும்னு அன்னைக்கே சொல்லல?"

அவன் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். பெயிண்ட் போன நிலையில் தோள் போய்ப் பொருந்தியது.

இவர் பாயில் இருக்கவில்லை. குனிந்து தன் தட்டை எடுத்தார். குனிந்ததில் மூக்குக்கண்ணாடி நழுவிப் பாயில் விழுந்தது. எடுக்கவில்லை. தட்டோடு நடந்துபோய், நிலையின் மற்றப் பக்கத்தில், கார்மேகத்துக்கு எதிரே நின்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"கேளாமல் தீர்ப்புச் சொன்னவர், முன்விறாந்தையில், எல்லார் முன்னிலையிலும், நின்றபடி உண்ணக்கடவர்."

"அண்ணே, என்ன வெளையாட்டு இது? உக்காருங்க. அக்கா, சொல்லுங்கக்கா."

 நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். பாயில் ஒருவரும் இல்லை. வெளியே சந்தில் சுகந்தாவின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஹார்ன் ஒரு தரம் அடித்தது.

இவர் ஒரு பிடி சோறு பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. நிமிர்ந்து கார்மேகத்தைப் பார்த்தார்.

"இந்தமுறை அதை விடக்கூடாது. எதுவரைக்கும் எண்டு நீர் சொல்லும், தம்பி."